காத்து அடிச்சாலும் டயர் லைட்டு ஏன் அணைய மாட்டேங்குது

டேஷ்போர்டுல மஞ்சக் கலர்ல டயரை குறுக்க வெட்டுன மாதிரி ஒரு படம், நடுவுல ஆச்சரியக்குறி, அது எரிஞ்சா நம்மூர்ல எல்லாரும் பண்றது ஒண்ணுதானுங்க, அவிநாசி ரோட்டுலயோ பெருந்துறை பக்கமோ கண்ணுல படற பங்க்ல நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் காத்து அடிச்சுட்டு போறது. அதோட அணைஞ்சா சரி. அணையலைன்னா மறுக்கா அடிக்கறது, அப்பவும் அணையலைன்னா "அது சென்சார் கம்ப்ளைண்ட்டுங்ணா, விட்டுத்தள்ளுங்க"ன்னு யாராச்சும் சொல்ல, அதை நம்பி மாசக்கணக்குல அப்படியே ஓட்டறது. இதுதான் எனக்கு நெம்ப கவலையா இருக்குது. அந்த ஒரே லைட்டு ரெண்டு வேற வேற சேதி சொல்லுமுங்க, நாம ரெண்டுக்கும் காத்தையே பதிலா குடுத்துட்டு இருக்கறோம்.

வெடியால வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போது சித்த உத்துப் பாருங்க. லைட்டு வந்து மின்னாம நின்னு எரிஞ்சா எதோ ஒரு டயர்ல காத்து கொறஞ்சிருக்குது. ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம் மின்னிட்டு அப்புறமேலு நின்னு எரிஞ்சா, சிஸ்டத்துலயே கோளாறு, சக்கரத்துல இருந்து தகவல் ஒழுங்கா வரலைன்னு அர்த்தம். பெரும்பாலான வண்டியில இப்படித்தான், அமெரிக்க விதியிலயே 60-ல இருந்து 90 செகண்ட் மின்னோணும்னு எழுதியிருக்குது. மின்னற லைட்டுக்கு எத்தனை தாட்டி காத்து அடிச்சாலும் அணையாதுங்க.

அடுத்தது உங்க வண்டியில டிபிஎம்எஸ், அதாவது டயர் காத்தை கண்காணிச்சு அந்த லைட்டை எரிய வெக்கற சிஸ்டம், எந்த வகை இருக்குதுன்னு தெரிஞ்சுக்கோணும். ஒரு வகையில ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும், வால்வோட அடியில, பேட்டரியோட ஒரு சின்ன சென்சார் உக்காந்திருக்கும், அது காத்தை நேரா அளந்து 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ சிக்னலா அனுப்பும். திரையில நாலு டயருக்கும் தனித்தனியா பிஎஸ்ஐ நம்பர் காட்டுச்சுன்னா அனேகமா இந்த வகைதான். இன்னொரு வகையில டயருக்குள்ள ஒண்ணுமே இல்லைங்க. பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ்-க்காக ஏற்கெனவே இருக்கற சக்கர வேக சென்சாரை வெச்சே கண்டுபுடிக்குது, காத்து கொறஞ்ச டயர் சித்த அமுங்கும், அதோட சுத்தளவு நூத்துல ஒரு பங்குக்கும் கொறைவா சின்னதாகும், அதனால மத்த மூணைவிட கொஞ்சம் வேகமா சுத்தும், கம்ப்யூட்டர் அந்த வித்தியாசத்தை புடிச்சுக்கும். எனக்கு இது நெம்ப புடிச்ச யோசனை, ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்குது. நாலு டயர்லயும் ஒட்டுக்கா ஒரே அளவு காத்து எறங்குச்சுன்னா, வேகத்தை மட்டும் ஒப்பிடற பழைய சிஸ்டத்துக்கு ஒண்ணுமே தெரியாது.

இந்த ரெண்டாவது வகை வண்டியிலதான் காத்து அடிச்சும் லைட்டு அணையலைங்கற புகார் அதிகமா வரும். அதுக்கு காத்து சரியாயிருச்சுன்னு நாமதான் சொல்லோணும், ரீசெட் பட்டனோ திரையில ஒரு மெனுவோ இருக்கும், அதை அமுத்திட்டு கொஞ்ச தூரம் ஓட்டுனா புது அளவை கத்துக்கும். ஒரு டயரை மட்டும் புதுசா மாத்துனாலும், டயரை முன்னுக்கும் பின்னுக்கும் மாத்திப் போட்டாலும் ரீசெட் பண்ணோணும். ஆனா காத்து அடிக்காம லைட்டை அணைக்கறதுக்காக மட்டும் ரீசெட் பண்ணிராதீங்க, கொறைஞ்ச காத்தையே சரியான அளவுன்னு அது எடுத்துக்கும், அப்புறம் நெசமாவே ஆபத்து வரும்போது வாயைத் தொறக்காது.

முதல் வகையில வண்டி நிக்கும்போது பேட்டரி மிச்சம் பண்ண சென்சார் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால பங்க்லயே நின்னுக்கிட்டு அணையலையேன்னு பாக்காம சில கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க.

இனி மலைக்கு வர்றேன், ஏன்னா ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போற நமக்கு இதுல தனிக் கணக்கு ஒண்ணு இருக்குது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேல போகப்போக வெளிக்காத்தோட அழுத்தம் கொறையும், ஊட்டியில அது கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கம்மி. காத்து அளக்கற கேஜ் காட்டறது டயருக்கு உள்ள இருக்கற அழுத்தத்துக்கும் வெளிய இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், அப்ப மேல போனா கேஜ்ல 3 ஏறோணும். ஆனா கீழ 35 டிகிரி, மேல 15 டிகிரின்னா குளுருக்கு உள்ள இருக்கற காத்து சுருங்கி அதே 3 பிஎஸ்ஐ எறங்கும். ரெண்டும் நேருக்கு நேர் கழிஞ்சு போயி 33 அடிச்ச டயர் ஊட்டியில ஆறுனதுக்கப்புறமும் 33 பக்கமே நிக்கும்! இப்ப சிக்கல் என்னன்னா, டயருக்குள்ள இருக்கற சென்சார் நெறைய வண்டியில மொத்த அழுத்தத்தை அளக்குது, அதுல இருந்து வெளிக்காத்தை கழிக்கறது கம்ப்யூட்டர் வேலை. அந்தந்த உயரத்துக்கு தகுந்தாப்ல கழிக்கற வண்டின்னா பிரச்சினை இல்லை, கடல் மட்டத்து அளவையே எல்லா ஊருக்கும் கழிக்கற வண்டின்னா ஊட்டியில நெசத்தைவிட 3 பிஎஸ்ஐக்கு மேலயே கம்மியா காட்டும். மார்கழி மாசம் வெடியால அஞ்சு டிகிரியில இன்னும் ஒண்ணரை எறங்கும். கீழ இருந்தே 29-ல ஓட்டிட்டு வந்தவருக்கு அங்க லைட்டு எரியாம என்ன பண்ணும்?

அதுக்காக ஊட்டியில லைட்டு எரிஞ்சா கண்டுக்காம போங்கன்னு சொல்லலைங்க. கையில ஒரு கேஜ் வெச்சுக்கோங்க, விலை ஒண்ணும் பெருசில்லை. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில அளந்து, டிரைவர் கதவைத் தொறந்தா தெரியற ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரோட ஒத்துப் பாருங்க. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கறது அதிகபட்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவெல்லாம் பிரேக் புடிச்சு எறங்கி வந்த கையோட அளந்தாலும் தப்பான நம்பர்தான் வரும், பிரேக்கு சூடும் ஓடுன சூடும் சேந்து டயர் காத்து ஏறியிருக்கும், அந்நேரத்துல அதிகமா இருக்குதேன்னு காத்தை எறக்கிட்டு மறுநாள் லைட்டு எரியுதேன்னா என்ன சொல்றது.

அளந்ததுல ஒரே டயர் வாரத்துக்கு வாரம் எறங்குதுன்னா அது மெதுவான பங்ச்சர். கோயமுத்தூர்ல பட்டறைங்க இருக்கற ரோட்டுல ஓட்டறவங்களுக்கு ஸ்குரூவும் இரும்புப் பிசிறும் புதுசில்லை, ட்யூப்லெஸ்ல அது குத்துனபடியே இருந்து மாசக்கணக்குல காத்து கசியும். சோப்புத் தண்ணிய டயர் மேல மட்டும் ஊத்தாம வால்வு வாயிலயும் ரிம்மு ஓரத்துலயும் ஊத்தச் சொல்லுங்க, சில சமயம் நுரை அங்கதான் வரும், யாரும் பாக்கறதில்லை.

சக்கரத்துக்குள்ள சென்சார் இருக்கற முதல் வகை வண்டியில மின்னிட்டு எரியற லைட்டுக்கு காரணம் பெரும்பாலும் சென்சார் பேட்டரி. அஞ்சுல இருந்து பத்து வருசம் வரும், உள்ள வெச்சு மூடியிருக்கறதால பேட்டரிய மட்டும் மாத்த முடியாது, சென்சாரையே மாத்தோணும். குளுருல பேட்டரி வோல்டேஜ் எறங்கறதால முதல்ல வெடியால மட்டும் மின்னி மத்தியானம் சரியாயிரும், அப்பவே தெரிஞ்சுக்கலாம். ஆன்லைன்ல வாங்கறவங்க அலைவரிசைய பாத்து வாங்குங்க, அமெரிக்க வண்டிக்குன்னு வர்ற 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார் 433 வண்டியில பேசாது. மாத்துனதுக்கப்புறம் புது சென்சாரோட ஐடிய வண்டிக்கு கத்துக்குடுக்கோணும், சில வண்டி ஓட்டும்போது தானா புடிச்சுக்கும், சிலதுக்கு ஸ்கேனர் வேணும்.

டயர் கழட்டறதுக்கு முன்னாடியே "உள்ள சென்சார் இருக்குதுங்ணா"ன்னு சொல்லிருங்க, தெரியாம வால்வு பக்கம் மெஷினைக் குடுத்தா சென்சார் ஒடைஞ்சிரும். பங்ச்சர் ஜெல் ஊத்துனாலும் சென்சார் ஓட்டை அடைச்சுக்கலாம், ஊத்தியிருந்தா அதையும் சொல்லிருங்க. அலுமினிய வால்வு இருக்கற சக்கரத்துல பித்தளை மூடியோ சாதா பித்தளை வால்வு பின்னோ போட்டா ஈரத்துல ரெண்டு உலோகமும் அரிச்சு ஒட்டிக்கும், கழட்டும்போது வால்வே முறிஞ்சு வரும். பிளாஸ்டிக் மூடியும் நிக்கல் பூசுன பின்னும் கேட்டு வாங்கிப் போடுங்க.