சாஃப்ட்பால்ல, பால் எறியற பிட்சரோட சர்க்கிளுக்கு பால் வந்துட்டா டைம்னு யாருங்க சொன்னது?

மறுபடியும் அதே கூத்து. மூணாவது பேஸ்ல ரன்னர், பேட்டருக்கு வாக், அதாவது நாலு பால் தப்பா வந்ததால ஃபர்ஸ்ட் பேஸ் சும்மாவே கிடைச்சுது. அந்தப் பொண்ணு ஃபர்ஸ்ட் பேஸைத் தொட்டுட்டு நிக்காம அப்படியே செகண்டுக்கு ஓடுது, பிட்சர் பாலை வச்சுக்கிட்டு எறியறதா வேண்டாமான்னு முழிக்கறாங்க, எறிஞ்சா மூணாவது பேஸ் ரன்னர் ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்குக் கிளம்பிடுவா. இந்த நேரம் பார்த்து பிளேட் அம்பயர் ரெண்டு கையையும் தூக்கி "டைம்"னு ஆட்டத்தை நிறுத்திட்டார். ஒரு ரன் வரலாம், ஒரு அவுட் விழலாம், ரெண்டையும் அவரே கெடுத்தாச்சு.

கேட்டா "பால்தான் சர்க்கிளுக்கு வந்துருச்சே"ன்னு பதில். இதை எத்தனை தடவைதான் சொல்றது! வேகமா எறியற ஃபாஸ்ட் பிட்ச் ஆட்டத்துல 8 அடி ரேடியஸ் சர்க்கிளுக்குள்ள பிட்சர் கையில பால் இருந்தாலும் பால் லைவ்தான், ஆட்டம் ஓடிட்டுதான் இருக்கு. அங்க ஆரம்பிக்கறது லுக்-பேக் ரூல். பேட்டர்-ரன்னர் ஃபர்ஸ்டைத் தொட்டுட்டா, பேஸை விட்டு வெளிய நிக்கற ரன்னர் முன்னாடி போகணும் இல்ல திரும்பணும், உடனே. பேஸ்ல நிக்கறவ, பிட்சர் எறியாம, எறியற மாதிரி பாவ்லாவும் காட்டாம இருக்கறப்ப காலை எடுத்தா அவுட். அம்பயர்களே, நீங்க டைம் குடுத்துட்டா இந்த ரூலுக்கே வேலை இல்லாம போயிடுது, புரியுதா? மெதுவா தூக்கி எறியற ஸ்லோ பிட்ச் ஆட்டத்துல ஓட்டம் நின்னதும் டைம் குடுத்துப் பழகின கை இங்கயும் தானா மேல போகுது, அதான் பிரச்சனையே.

அப்போ எப்ப குடுக்கலாம்? எல்லா ரன்னரும் பேஸ்ல நின்னு, அடுத்து எதுவும் நடக்காதுன்னு தெரிஞ்ச அப்புறம், அதுவும் தேவை இருந்தா மட்டும். பிளேட்டைத் துடைக்கணும், ஆள் மாத்தணும், கோச் பேசணும்னா சரி. பால் கையில இல்லாத ஃபீல்டர் ரன்னரோட வழியை மறிக்கற அப்ஸ்ட்ரக்‌ஷன்னா இடது கையை நீட்டிட்டு பிளே முடியற வரைக்கும் பொறுங்க, அப்புறம் நிறுத்தி பேஸ் குடுங்க. ஸ்லைட் அடிச்சவ மண்ணுல கிடந்துக்கிட்டே டைம் கேட்டா, முதல்ல மத்த ரன்னர் எங்கன்னு பாருங்க, பாலை வச்சிருக்கற ஃபீல்டரைப் பாருங்க, அப்புறம் குடுங்க.

ரன்னர்களுக்கும் ஒண்ணு, நீங்க கையைத் தூக்கினா அது டைம் ஆகாதும்மா. அம்பயர் வாயால சொல்ற வரைக்கும் பேஸை விட்டு காலை எடுக்காதீங்க, ப்ளீஸ்.

அடிபட்டா மட்டும் கணக்கு வேற. சாதாரண சுளுக்குன்னா பிளே முடியட்டும். தலையில பால் பட்டு ஆள் அசையாம கிடந்தா எந்த ரன்னர் எங்க இருந்தாலும் சரி, உடனே நிறுத்துங்க, பேஸ் கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக் குடுத்துக்கலாம்.