ஹிட் பாடலின் சுருதியும் உங்கள் குரல்நாணும்

ஒரு தனிப்பாடகரின் பாப் சிங்கிள் எங்கு பார்த்தாலும் ஒலிக்கத் தொடங்கினால், சில வாரங்களில் அதைப் பாடிப் பாடிக் குரல் கம்மியவர்கள் எங்களிடம் வரத் தொடங்குவார்கள் என்பது குரல் மருத்துவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அண்மையில் வந்த ஒரு மாணவியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பேச்சில் சிறிய கரகரப்பு மட்டுமே இருந்தது. மேல் ஸ்தாயியில் மெல்லப் பாடச் சொன்னபோதோ ஸ்வரத்துக்கு முன் வெறும் காற்றுதான் வந்தது. நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பித் திரையில் இரு குரல்நாண்களிலும் எதிரெதிரே முடிச்சுகள் தடித்திருந்தன. நாண்கள் மூடும்போது அவற்றின் முன்னும் பின்னும் மணற்கடிகார வடிவில் இடைவெளி தெரிந்தது. சுருதியை இறக்கிப் பாடிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஒரிஜினல் சுருதியில் பாடினால்தானே டாக்டர், அது அந்தப் பாட்டு?" என்றார்.

பதிவில் கேட்பதை ஒருவர் ஒரே மூச்சில் அப்படியே பாடியிருக்கிறார் என்ற நம்பிக்கையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஸ்டூடியோவில் ஒரே பல்லவியைப் பல டேக்குகளில் பாடுவார்கள். ஒரு டேக்கின் முதல் சொல்லும் இன்னொன்றின் கடைசிச் சொல்லும் ஒட்டப்பட்டு ஒரு வரியாகும். அதே வரியை மறுபடி பாடிய அடுக்குகள் அதன் மேல் சேரும். கம்ப்ரெசர் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கும். மூச்சு வாங்கும் ஓசை அடக்கப்படும். விலகிய சுருதி மென்பொருளில் நேராகும். அப்படிப்பட்ட மென்பொருளான ஆட்டோ-டியூன் 1997-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்கப் பாடகி செர் பாடிய 'பிலீவ்' அதை எல்லோருக்கும் அப்பட்டமாகக் கேட்கும்படி பயன்படுத்தியது. மற்றப் பாடல்களில் அது கேட்காதபடி இருக்கும், அவ்வளவுதான். இதில் மோசடி எதுவும் இல்லை, ஒலிப்பொறியாளரின் கைத்திறன் அது. ஆனால் மைக்கின் அருகில் மெல்லப் பாடிப் பெரிதாக்கிய வரியைக்கூட, கேட்பவர் தொண்டையை இறுக்கிக் கத்திப் பெற முயல்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் நாண்கள் நொடிக்கு 440 முறை மோதுகின்றன. அந்த மோதலை இறுக்கத்தோடு இரவு முழுவதும் தொடர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாடலுக்குச் சொந்தக்காரர்களுக்கே இந்த ஆபத்து உண்டு. 'ரோலிங் இன் த டீப்' உலகெங்கும் ஒலித்த 2011-இல் அதைப் பாடிய ஆங்கிலப் பாடகி அடெலின் குரல்நாணில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, நிகழ்ச்சிகள் ரத்தாகி, நவம்பரில் பாஸ்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் அதே பாடலை அவர் பாடியது, இடையில் பேசாமல் காத்த ஓய்வுக்குப் பிறகுதான்.

ஆகவே கரோக்கி டிராக்கின் சுருதியை இரண்டு மூன்று ஸ்வரம் இறக்குங்கள். அதற்கான வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம். தொண்டை வலித்தால் நிறுத்துங்கள். 'வார்ம்-அப் ஆகட்டும்' என்று வலியின் மேலேயே பாடாதீர்கள். குரல் கம்மியபோது கிசுகிசுப்பது ஓய்வாகாது, பலருக்கு அதுவே கூடுதல் இறுக்கம். எதை விழுங்கினாலும் அது குரல்நாண்களைத் தொடாது. உணவுக்குழாய் வேறு, காற்றுக்குழாய் வேறு. நாண்களுக்கு ஈரம் உடல் வழியாகவே வரும், ஆகவே நாள் முழுவதும் போதிய தண்ணீர் குடியுங்கள். முடிச்சு என்றதும் கத்தியை நினைத்து அஞ்ச வேண்டாம்: பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே அது குறையும், சீக்கிரம் வந்தால்.

கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், பாடுபவரானாலும் பாடாதவரானாலும் குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது குரல் சட்டென்று அறுந்துபோனால் அது வேறு கதை, நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம்: அந்த நிமிடமே வாயை மூடுங்கள், வலி மாத்திரையாக ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், அன்றே மருத்துவரிடம் வாருங்கள். என்ன நடந்தது என்பதைத் தாளில் எழுதிக் காட்டினால் போதும்.