அரிவாள் எந்த இடத்தில் வெட்டுகிறது?

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் இறவாரத்தில் தாத்தாவின் வெட்டரிவாள் இன்னும் செருகியிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வேலிக்கருவை வெட்டிய அரிவாள். அதன் வாய் நீளம் முழுக்க ஒரே மாதிரி தேயவில்லை. முனையிலிருந்து முக்கால் சாண் உள்ளே, நாலு விரல் அகலத்துக்கு மட்டும் குழிந்து தேய்ந்திருக்கிறது. தாத்தா அங்கே குறி எதுவும் போட்டு வைக்கவில்லை. கை தானாக அந்த இடத்தைத்தான் மரத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது.

காரணம் எளிமையானது. வீசிய அரிவாள் கட்டையில் மோதும்போது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. அரிவாள் முழுவதும் பின்னால் தள்ளப்படுகிறது, கூடவே தன் எடை மையத்தைச் சுற்றிச் சுழலவும் பார்க்கிறது. பிடிக்குப் பக்கத்தில் மோதினால் தள்ளல் மிஞ்சி, பிடி உள்ளங்கையில் வந்து இடிக்கும். நுனியில் மோதினால் சுழற்சி மிஞ்சி, பிடி கையை விட்டு முன்னால் பாயப் பார்க்கும். இடையில் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அங்கே பட்டால் கைக்கு அதிர்வு வராது, வீச்சின் பலம் பெரும்பாலும் மரத்துக்கே போகும். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது தெரியும். மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால், பட்டதே தெரியாமல் பறக்குமே, அதே சங்கதிதான். அதிராப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே பருமனுள்ள கம்பியை ஒரு முனையில் பிடித்து வீசினால் இந்தப் புள்ளி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கும். வெட்டரிவாளுக்கு மூக்குப் பக்கம் எடை கூடுதல் என்பதால் இன்னும் சற்று முன்னால் போகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாத்தாவின் அரிவாளை, பிடிக்கும் இடத்தில் இரு விரலால் லேசாகப் பற்றித் தொங்கவிட்டு ஆட்டினேன். பக்கத்தில் ஒரு நூலில் கல்லைக் கட்டி, இரண்டும் ஒரே வேகத்தில் ஆடும்வரை நூலை ஏற்றி இறக்கினேன். 36 செ.மீ.யில் இரண்டும் சேர்ந்து ஆடின. ஒரு ஆட்டத்துக்கு 1.2 விநாடி. அரிவாளில் பிடிக்கும் இடத்திலிருந்து அந்த 36 செ.மீ. போய் முடிந்த இடம், வாய் குழிந்திருந்த இடம். அதற்கு ஆட்ட மையம் என்று பேர். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1673-இல் ஊசல்களைப் பற்றி எழுதியபோதே இந்த ஆட்ட மையத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அதிராப் புள்ளியும் அதுவும் ஒரே புள்ளிதான்.

ஆகவே அரிவாள் வாங்கும்போது மொத்த எடையைக் கேட்பதைவிட எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கையிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் 100 கிராம் இரும்பை 30 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால், வீசுவதற்கு அது தரும் தடை மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்காகிறது. தூரம் வர்க்கமாகக் கணக்கில் வருகிறது. அந்தத் தடையை மீறி வேகம் எடுத்துவிட்டால் அதே இரும்பு கட்டைக்குள் ஆழமாக இறங்கும். எடுக்க முடியாவிட்டால் தோள்தான் வலிக்கும். வேகம் பாதியாகக் குறைந்தால் ஆற்றல் கால்வாசியாகிவிடும். கனத்த அரிவாள் நன்றாக வெட்டும் என்று நம்பி வாங்கி, அரைமணி நேரத்தில் கை ஓய்ந்து உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெட்டப்படும் செடியும் இதில் ஒரு கட்சி. கரும்புத் தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் ஓட்டும் மச்சேட்டி என்ற லத்தீன் அமெரிக்கக் கத்தி இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நீண்டு மெலிந்திருக்கும். மென்தண்டுக்கு வேகம் போதும். மலேசியக் காட்டில் தண்டுகள் முற்றியவை, அதனால் அங்கே பாராங் கத்தி தடித்து, வாய்க்கு மேலே இருபுறமும் கடலைப் பருப்பின் முதுகுபோல் உப்பியிருக்கும். அந்த உப்பல் வெட்டுவாயை விரித்துச் சிம்பை வெளியே தள்ளுகிறது. தட்டையான அலகு முழுப்பரப்பும் மரத்தோடு உரசி மாட்டிக்கொள்ளும், உப்பிய அலகு அப்படி மாட்டாது. கனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 3 மி.மீ. தகட்டை 6 மி.மீ. ஆக்கினால் அது வளையாமல் நிற்கும் உறுதி எட்டு மடங்கு கூடும்.

நம் வெட்டரிவாளின் வளைந்த மூக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிளை வழுக்கி ஓடாமல் அது பிடித்துக்கொடுக்கிறது, அதோடு வாயைக் கிளைக்குக் குறுக்கே நேராக விடாமல் சரிவாக இழுக்கிறது. கொல்லிமலைக்கு நேராக ஏறச் சொன்னால் யாராலும் முடியாது, வளைத்து வளைத்துப் போட்ட பாதையில் பேருந்தே ஏறுகிறது. அதே மலைதான், குறுக்காகப் போவதால் சரிவு குறைந்துவிடுகிறது. வெட்டுவாயும் அப்படித்தான். 40 பாகை கோணமுள்ள வாயை 45 பாகை சரித்து ஓட்டினால், மரத்துக்கு அது ஏறக்குறைய 29 பாகை வாய்போலத் தெரியும். வாயை மெலிதாக்காமலே மெல்லிய வாயின் வேலை நடக்கிறது. நேபாளத்துக் குக்ரி நடுவில் முன்பக்கம் மடிந்திருப்பதும் இதே பலனைத் தருகிறது. கிளையையும் 90 பாகையில் வெட்டாமல் சாய்வாக வெட்டினால் நார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்பதில்லை. மரம் வெட்டும் எவரும் நேர்க்குறுக்காகப் போடுவதில்லை.

இனி இரும்பு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூலப்பொருள் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் சுமார் 0.6 சதவீதம் கரிமம் இருக்கும், ஜன்னல் கம்பியில் இருப்பதைப்போல் சில மடங்கு. 800 பாகை செல்சியஸைத் தாண்டிப் பழுக்கும்போது இரும்பணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொண்டு கரிமத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சட்டென்று குளிர்வித்தால் கரிமத்துக்கு வெளியேற நேரமில்லை. இடுக்கில் சிக்கிய அந்த அணுக்கள் அடுக்கை இறுக்கிப் பிடித்துவிடும். மார்ட்டென்சைட் என்ற இந்த நிலை கடினமானது, ஆனால் கண்ணாடிபோல் தெறிக்கும்.

கொல்லர் அலகை முழுவதும் முக்கவில்லை. வாயை மட்டும் தண்ணீரில் வைத்து எடுத்து, செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். "இப்பப் பாருங்க தம்பி, நெறம் வரும்" என்றார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கியது. முதலில் வைக்கோல் நிறம், 230 பாகையை ஒட்டி. பிறகு பழுப்பு. 280-ஐ நெருங்கும்போது ஊதா. ரோட்டுத் தண்ணீரில் சிந்திய பெட்ரோல் நிறம் காட்டுவதைப்போல, இரும்பின் மேல் படரும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் தன் கனத்துக்கேற்ப நிறம் காட்டுகிறது. பழுப்பு ஊதாவாகும் தறுவாயில் அப்படியே தண்ணீரில் இறக்கிவிட்டார். இதைத்தான் தோய்ச்சல் என்கிறார்கள். இந்தச் சூட்டில் சிக்கிய கரிமத்தில் கொஞ்சம் விடுபட்டு இறுக்கம் தளர்கிறது. முன்கூட்டி நிறுத்தினால் முற்றிய கட்டையில் வாய் பொரிந்துபோகும், விட்டுவிட்டால் மடங்கிப்போகும். முதுகு மிருதுவாகவே இருப்பதால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. வெப்பமானி இல்லாமல் கண்ணை மட்டும் நம்பி இதைச் செய்யும் மனிதரைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்று அரிவாள் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுச் சுண்டினேன். இரண்டு கணீரென்றன, ஒன்று மட்டும் சொத்தென்றது. எங்கோ மயிரிழை விரிசல் இருந்தால் அதிர்வு அங்கேயே செத்துவிடும், அதை ஒதுக்கினேன். மீதி இரண்டையும் ஆளில்லாத பக்கமாக வீசிப் பார்த்தேன். கனமானது வீச்சின் முடிவில் கையை இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று நான் நிறுத்திய இடத்தில் நின்றது. அதையே எடுத்துக்கொண்டேன்.

பிடி இன்னும் போடவில்லை. "கையக் காட்டுங்க" என்று கேட்டு, ஒரு கட்டையைச் சுற்றி என் விரல்களை மடக்க வைத்தார். விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட்டதும் போதும் என்றார். அதைவிடச் சிறுத்தால் நழுவாமலிருக்க இறுக்கிப் பிடித்தே முன்கை சோர்ந்துவிடுமாம், பருத்தால் விரல் சுற்றிப் பிடிக்காதாம். சுண்டுவிரல் வரும் இடத்தில் மட்டும் சற்றுப் புடைப்பு விட்டு, பூண் இறக்கி, மாலை பஸ்ஸுக்கு முன் கையில் கொடுத்தார்.