குவாசுலு-நேட்டால் குளிரில் கோழியும் வெள்ளாடும்: உடம்புச் சூடு எங்கே போகிறது?

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழர்களுக்கு அது நடுக் குளிர்காலம். கடலோரத்தில் அவ்வளவு தெரியாது. ஹோவிக், மூயி ரிவர் என்று மேட்டுநிலத்துக்கு ஏறினால் விடியலில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். பின்கட்டில் பத்துக் கோழியும் நாலைந்து வெள்ளாடும் வைத்திருப்பவர்கள் உடனே தேடுவது சூடேற்றும் விளக்கை. வளர்ந்த கோழிக்கும் ஆட்டுக்கும் அது தேவையில்லை. சூட்டை அவையே உண்டாக்கிக்கொள்ளும். காற்றும் ஈரமும் அதைப் பறிக்காமல் பார்ப்பதுதான் நம் வேலை.

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். குளிரும்போது இறகை உப்பவைத்து அசையாத காற்றை உள்ளே பிடித்துவைக்கும். இறகில்லாத காலில் ஏற்பாடு வேறு. கீழே இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. பாதத்தை எட்டுமுன்பே பெரும்பாலான சூடு திரும்பும் ரத்தத்துக்குக் கைமாறிவிடும். ஆகவே உட்காரும் கட்டை 5 சென்டிமீட்டர் அகலத் தட்டை மரமாக இருக்கட்டும். வயிற்று இறகு விரல்களை முழுக்க மூடும். கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் போதும். இரும்புக் குழாய் மட்டும் வேண்டாம், காலின் சூட்டை அது உறிஞ்சிவிடும்.

பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான்: குளிர் என்று பயந்து கூட்டின் இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். பத்துக் கோழி ஒரு நாளில் குடிப்பது ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர். முட்டைக்குப் போனது நீங்கலாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வருகிறது. மேகமில்லாத இரவில் தகரக் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மூச்சின் ஈரம் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் திரண்டு, கோழியின் முதுகில் சொட்டும். நனைந்த இறகு படிந்துபோகும். அதில் காற்று நிற்காது. ஈரமான தரையில் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். சேவலின் கொண்டை நுனி கறுப்பதும் ஈரமும் உறைபனியும் சேர்ந்துகொள்ளும் கூட்டில்தான் அதிகம். கொண்டையில் வாஸ்லின் தடவினால் போதும் என்பார்கள்; ஈரக் கூட்டில் அது காப்பாற்றாது.

உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறப்பு விடுங்கள். கீழே இடுக்கு இருந்தால் அடையுங்கள். விடியலில் குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் மூச்சிழுங்கள். கண் எரிந்தால் திறப்பு போதவில்லை. தரைக்கு மர இழைப்புச் சீவல் 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு. ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது.

தமிழ்நாட்டுக் கணக்கில் வாசல் வைத்துவிடாதீர்கள். இங்கே நண்பகல் வெயில் வடக்கே விழும். ஜூன் 21 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சூரியன் ஏறுவது 37 பாகை உயரம்தான். குளிர்காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே வடக்கு திறந்திருக்க, தெற்கும் மேற்கும் அடைப்பு.

விளக்கு முட்டைக்காக என்றால் பொருள் உண்டு. நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஜூனில் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். குறைவதை விடியற்காலையில் கூட்டுங்கள். மாலையில் கூட்டி, விளக்கு இரவில் திடீரென அணைந்தால் கோழி கட்டை தெரியாமல் தரையில் தவிக்கும். வெப்ப விளக்கு, சீவலில் விழுந்தால் தீ. மின்வெட்டு வந்தால் அந்தச் சூட்டுக்குப் பழகிய கோழிக்குத் திண்டாட்டம். குஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு: முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும்.

ஆட்டின் கதை வேறு. அதன் சூடு வயிற்றில் பிறக்கிறது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்யும்போது வெப்பம் வெளிப்படும். 40 கிலோ ஆட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக உலர்புல். அதில் பெரும்பகுதியை மாலையில் போட்டால் இரவு முழுக்க நொதித்துக்கொண்டிருக்கும். உலர்புல்லுக்குப் பதில் மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டால் இரைப்பை அமிலமாகி ஆடு படுத்துவிடும்.

இங்கே 'சவர்வெல்ட்' என்று சொல்லும் மேட்டுப் புல்வெளியில் இன்னொரு சிக்கல். குளிர்காலத்தில் புல் தன் சத்தை வேருக்கு இறக்கிவிடுகிறது. புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் இல்லாமல் சோர்ந்து, வயிறு நிறைந்தும் ஆடு மெலியும். அதற்குத்தான் நைட்ரஜன் தரும் யூரியா கலந்து, ஆடு நக்குவதற்காக வைக்கும் நக்குக் கட்டி. ஆனால் நக்குத் தொட்டியில் மழைநீர் தேங்கி, அதை ஆடு குடித்தால் அம்மோனியா நஞ்சில் சாகும். தொட்டிக்கு மேலே கூரையும் அடியில் ஓட்டையும் கட்டாயம்.

குளிரைவிட மழைக்குத்தான் ஆடு அஞ்சவேண்டும். தோலுக்கடியில் அதற்குக் கொழுப்பு குறைவு. ரோமத்தில் தேங்கிய அரை லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 290 கிலோகலோரி வேண்டும். 40 கிலோ ஆடு சும்மா உயிர் தரிக்க நாளைக்கு 1600 வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கம்! காற்றும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். ரோமம் கத்தரித்த அங்கோரா ஆடுகள் ஒரே மழை இரவில் கூட்டமாகச் சாவது இதனால்தான். வசந்தம் வந்தாயிற்று என்றும் நம்ப முடியாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது.

தண்ணீர் சில்லென்றிருந்தால் ஆடு குறைவாகக் குடிக்கும். தானியம் அதிகம் தின்னும் காயடித்த கிடாவுக்கு அதனால் சிறுநீர்க்கல் அடைக்கும். காலையில் வெதுவெதுப்பான நீர் வையுங்கள்.

பிறந்த குட்டியை உடனே துணியால் துடைத்து உலர்த்துங்கள். வாய்க்குள் விரல் வைத்துச் சில்லிட்டிருந்தால் வெப்பமானி போடவேண்டும். 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் பால் ஊட்டக் கூடாது; உறிஞ்சும் திறன் போயிருக்கும், பால் நுரையீரலில் இறங்கும். முதலில் சூடேற்றி, பிறகு சீம்பால், வேளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி. பிறந்து ஐந்து மணி நேரம் கடந்த குட்டியென்றால் கையிருப்புச் சத்து தீர்ந்திருக்கும். வெறுமனே சூடேற்றினால் வலிப்பு வரும். அதற்கு முன்னதாகக் குளுக்கோஸ் ஊசி வேண்டும், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.