வாரண்ட், பிடியாணை: இந்த ஆணை எதுவரைக்கும் செல்லும்?

போன மாசம் மலேசியாவுல புக்கிட் மெர்த்தாஜாம்ல இருக்குற என் பெரியம்மாவுக்கு வாட்சாப்ல ஒரு படம் வந்துச்சு. மேல ஏதோ ஒரு சின்னம், அதுக்குக் கீழ தடிச்ச எழுத்துல "வாரான் தங்காப் அந்தாராபங்சா", அதாவது மலாய்ல இன்டர்நேசனல் கைது வாரண்ட், அப்புறம் பெரியம்மாவோட பேரு, ஐசி நம்பர், ரெண்டும் சரியாவே இருந்துச்சு, கடைசில செவப்பா ஒரு சாப்பு, அதான் முத்திர. போன்ல பேசுனவன் உங்க பேர்ல வெளிநாட்டுல கேஸ் ஓடுது, பல நாட்டு போலிஸ் சேந்து நடத்துற இன்டர்போல் வாரண்ட் போட்டிருச்சு, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, பேங்க்ல இருக்குற காச நாங்க சொல்ற அக்கவுண்டுக்கு மாத்துங்கன்னு சொல்லிருக்கான். நல்லவேளையா அண்ணன் வீட்ல இருந்தாரு, போன வாங்கி கட் பண்ணிட்டு ஸ்கேம் புகாருக்குன்னு இருக்குற 997க்கு அடிச்சாரு. காசு போகல, ஆனா பெரியம்மாவுக்கு ரெண்டு நாளு தூக்கமே இல்ல. "நம்ம ஊரு போலிஸ்னா நேர்ல போயி பேசிக்கலாம் தம்பி, இது இன்டர்நேசனல் வாரண்டாமே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சொல்லுதான் அவங்கள பயமுறுத்துச்சு, அதனால அந்தச் சொல்ல எடுத்துத்தான் அவங்களுக்குப் புரிய வச்சேன்.

வாரண்ட்ங்கிறது இங்கிலீஷ்காரனுக்கே இரவல் சொல்லு, பழைய பிரெஞ்சு வழியா வந்தது, அதுக்கும் வேர் ஜெர்மானிய மொழில இருக்கு. மொதல்ல இருந்த அர்த்தம் காப்பாத்துறவன், பொறுப்பேத்துக்குறவன். கேரண்டி, வாரண்டி எல்லாமே இதே வேர்ல இருந்து வந்ததுதான், ஐஸ்பெட்டி வாங்குறப்ப குடுக்குற வாரண்டி கார்டும் கோர்ட்டு போடுற வாரண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. யோசிச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு, ஒரு ஆள புடிச்சிட்டு வர்ற போலிஸ்காரருக்கு அந்தத் தாளுதான் காப்பு, நானா புடிக்கல, கோர்ட்டு சொல்லிச்சு, பொறுப்பு கோர்ட்டோடதுன்னு அவரு காட்டலாம். மலாய்க்காரங்க அதையே வாரான்னு எடுத்துக்கிட்டாங்க, யாழ்ப்பாணத்துப் பழைய வழக்குல விறாந்து, பிடிவிறாந்துன்னு ஆயிருச்சு, தமிழ்நாட்டுப் பேப்பர்ல பிடிவாரண்டு.

நம்ம பேப்பர்ல கைது ஆணைன்னும் எழுதுறாங்க. கைய புடிச்சு இழுத்துட்டுப் போறதால கைதுன்னு நானும் ரொம்ப நாளா நெனச்சிருந்தேன், அது இல்ல. அரபில கட்டு, சிறைன்னு அர்த்தம் வர்ற கைத்ங்கிற சொல்லு உருது வழியா தமிழுக்கு வந்தது, கைதியும் அதோட கூடப் பொறந்ததுதான். அதனால நல்ல தமிழ்ச்சொல் எதுன்னு கேட்டா நான் பிடியாணைன்னுதான் சொல்லுவேன், இலங்கைல நீதிமன்றத்துலயே நல்லா பொழங்குது. பிடி நம்ம சொல்லு. ஆணை சமஸ்கிருத ஆக்ஞா பிராகிருதத்துல ஆணான்னு மாறி வந்ததுன்னு சொல்றாங்க, சிலர் ஒத்துக்கிறதில்ல, ஆனா தமிழ்ல ரொம்பப் பழசு. பல்லவர் செப்பேட்டுல ஆணத்தின்னு ஒரு பதவியே வருது, அரசன் போட்ட ஆணைய நிறைவேத்தி வைக்கிற ஆளு.

எனக்கு இந்தச் சொல்லு புடிக்குறதுக்குக் காரணம் வேற. ஆணை செல்லும்னு ஒரு வழக்கு நம்மகிட்ட இருக்கு, ஒரு ராஜாவோட ஆணை எதுவரைக்கும் செல்லுதோ அதுவரைக்கும்தான் அவன் நாடு. பிடியாணைன்னு சொன்னதும் அடுத்த கேள்வி தானா வருது: யாரோட ஆணை? மலேசிய மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டு கோர்ட்டு முத்திர குத்துன பிடியாணை பெர்லிஸ்ல இருந்து சபா வரைக்கும் செல்லும், எல்லைல இருக்குற பாடாங் பெசார தாண்டி தாய்லாந்து ஹாட்யாய்க்குள்ள போனா அது வெறும் தாளு. நம்ம போலிஸ் அங்க போயி ஒருத்தர் மேல கை வைக்க முடியாது, தாய்லாந்து போலிஸும் இங்க வந்து அப்படிச் செய்ய முடியாது. எல்லையத் தாண்டுன ஆணை வேண்டுகோளா மாறிடுது, ஐயா உங்க நாட்டு ஆணையப் போட்டு அவர புடிச்சுக் குடுங்கன்னு கேக்கத்தான் முடியும்.

அப்ப இன்டர்போல்? பிரான்ஸ் நாட்டு லியோன்ல தலைமையகம், 196 நாடு உறுப்பினர், 1923ல வியன்னாவுல வேற பேர்ல ஆரம்பிச்சது, இன்டர்போல்ங்கிறதே 1946ல தந்தி முகவரிக்காக சுருக்கி வச்ச பேரு. படத்துல வர்ற மாதிரி துப்பாக்கி தூக்கிட்டு நாடு நாடா போயி ஆள் புடிக்கிற படை எதுவும் அவங்ககிட்ட கிடையாது. அதுக்கு நாடும் இல்ல, கோர்ட்டும் இல்ல, ஆணையும் இல்ல. ரெட் நோட்டீஸ்னு சொல்றது சிவப்பு அறிவிக்கை, ஒரு நாட்டு கோர்ட்டு ஏற்கெனவே பிடியாணை போட்ட ஆளப் பத்தி, இவர் எங்க இருக்காருன்னு பாருங்க, ஒப்படைக்குற வழக்கு முடியுற வரைக்கும் புடிச்சு வைங்கன்னு மத்த நாட்டு போலிஸுக்கு அனுப்புற தகவல். அரசியல், ராணுவம், மதம், இனம் சம்பந்தப்பட்ட விசயத்துல தலையிடக் கூடாதுன்னு அவங்க சாசனத்துல 3வது விதியே இருக்கு. அந்த அறிவிக்கைய மதிக்கிறதா இல்லையான்னு ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவெடுக்கும், மலேசியால இங்குள்ள மாஜிஸ்திரேட் தற்காலிகப் பிடியாணை போட சட்டத்துல வழி இருக்கு. 1எம்டிபிங்கிற மலேசிய அரசாங்க முதலீட்டு நிறுவனத்தோட காசு காணாமப் போன விவகாரத்துல தேடப்படுற ஜோ லோ நம்ம பினாங்குல பொறந்தவருதான், அவருக்கு சிவப்பு அறிவிக்கைன்னு எத்தன வருசமா பேப்பர்ல படிக்கிறோம், ஆள் வந்தபாடில்ல.

சிங்கப்பூரும் புருணையும் மட்டும் நமக்குக் கொஞ்சம் தனி. சிங்கப்பூர் கோர்ட்டு போட்ட பிடியாணைய இங்க அனுப்புனா, நம்ம மாஜிஸ்திரேட் அதுமேலயே எழுதிக் கையெழுத்துப் போட்டா இங்கயும் செல்லுபடியாயிடும், அங்கயும் அதே மாதிரி. அந்தக் காலத்து இங்கிலாந்துல ஒரு மாவட்டத்து வாரண்ட் இன்னொரு மாவட்டத்துல செல்லணும்னா அங்குள்ள நீதிபதி தாளத் திருப்பி முதுகுல கையெழுத்துப் போடுவாரு, அந்தப் பழக்கத்தோட மிச்சம் இது. தமிழ்ல மேலெழுத்துன்னு சொல்லலாம், புறக்குறிப்புன்னும் சொல்றாங்க. அப்பவும் பாருங்க, சிங்கப்பூர் ஆணை தானா இங்க வந்து செல்லல, நம்ம மாஜிஸ்திரேட் பேனா படணும்.

மத்த நாட்டுக்கெல்லாம் இந்தக் குறுக்கு வழி இல்ல, 1992ஆம் வருச ஒப்படைப்புச் சட்டத்துல (சட்டம் 479) இருக்குற முழு நடைமுறையும் நடக்கணும். இந்தியாவோட 2010ல ஒப்பந்தம் போட்டாங்க. பொதுவா அந்தக் குற்றம் ரெண்டு நாட்டுலயும் குற்றமா இருக்கணும், கொறஞ்சது 1 வருசம் ஜெயில் கெடைக்கக்கூடியதா இருக்கணும், அமைச்சர்கிட்ட கோரிக்கை போகணும், செசன்ஸ் கோர்ட்டுல விசாரணை, அந்த ஆளுக்கு வக்கீல் வச்சு எதிர்க்க உரிமை. வாட்சாப்ல படம் அனுப்பி காசு கேக்குற கட்டம் இதுல எங்கயும் இல்ல. பெரியம்மாகிட்ட இதச் சொன்னப்பதான் மொத தடவையா அவங்க மொகம் தெளிஞ்சுச்சு.

இந்த நடைமுறைக்கு இங்கிலீஷ்ல எக்ஸ்ட்ரடிசன்னு பேரு, அது லத்தீன்ல இருந்து வருது, வெளிய கையளிக்கிறதுன்னு அர்த்தம். நம்ம பேப்பர்ல இதையும் நாடு கடத்தல்னே போடுறாங்க, அது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு. பெர்மிட் முடிஞ்ச தொழிலாளிய இமிகிரேசன் ஊருக்கு அனுப்புறதுதான் நாடு கடத்தல், அதுல இன்னொரு நாடு கேக்கணும்னே இல்ல, வழக்கும் தேவையில்ல. கடத்தல்னா கஞ்சா கடத்தல், ஆள் கடத்தல்னும் காதுல விழுது. ஒரு நாடு கேட்டு, இன்னொரு நாட்டு கோர்ட்டு விசாரிச்சு, ஆள கையில குடுக்குறதுக்கு ஒப்படைப்புன்னு தெளிவான சொல்லு இருக்கு, இலங்கைல கையளிப்புன்னாலும் புரியும். தலைப்புல "நாடு கடத்தக் கோரிக்கை"ங்கிற எடத்துல "ஒப்படைக்கக் கோரிக்கை"ன்னு போட்டா எழுத்து கூட பெருசா கூடாது.