வால்வை மாற்றுவதற்கு முன் ஹெட்போனைப் பாருங்கள்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளைஞர் தன் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே வார்னிஷ் கருகிய வாடை மூக்கில் ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது.

"வால்வை மட்டும்தான் சார் மாற்றினேன்" என்றார்.

வால்வு என்றால் ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய். முதலில் இருந்தவை 6டிஜே8 வகை இரண்டு. அவர் போட்டிருந்தவை ரஷ்ய 6என்1பி இரண்டு. "கால்கள் ஒரே மாதிரி, அப்படியே பொருந்தும்" என்று விற்றவர் சொன்னாராம். பொய்யில்லை, கால்கள் ஒரே மாதிரிதான். ஆனால் 6டிஜே8இன் ஹீட்டர் (வால்வுக்குள் சூடாகும் இழை) 365 மில்லிஆம்பியர் இழுக்கும். 6என்1பி 600 இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை ஆம்பியர் கூடுதல். கம்பியில் கஞ்சத்தனம் காட்டிச் சுற்றிய அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கருகிவிட்டது.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். பேஸ் தளர்வாக இருந்ததாம், ஒலியில் உடல் இல்லையாம். என்ன ஹெட்போன் என்று கேட்டேன். 32 ஓம். அவர் ஆம்ப்போ வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. அந்த ஹெட்போனும் அந்த ஆம்ப்பும் சேர்ந்த ஜோடியில்தான் குறை இருந்தது. வால்வின் மேல் பழி போட்டு அவர் ஏற்கெனவே மூன்று செட் வாங்கியிருந்தார்.

ரேடியோவும் கிட்டார் ஆம்ப்பும் பழுது பார்த்தே பழகியவன் நான். சில ஆண்டுகளாக மேசைக்கு வால்வு ஹெட்போன் ஆம்ப்புகள்தான் அதிகம் வருகின்றன. பாதிக்கு மேற்பட்டவை இதே கதையுடன் வருகின்றன.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே வால்வு என்ன வேலை செய்கிறது என்பதே. பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336எஸ்இ போன்றவை ஓடிஎல், அதாவது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை. வால்வே ஒரு மின்தேக்கி வழியாக நேராக ஹெட்போனை ஓட்டுகிறது. வூ ஆடியோ டபிள்யூஏ6 போன்றவற்றில் நடுவே வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. எடையும் விலையும் கூடும், குறைந்த ஓம் ஹெட்போனையும் ஒழுங்காக ஓட்டும். மூன்றாவது ஹைபிரிட். ஷிட் நிறுவனத்தின் வாலி 2 ஓர் உதாரணம். நம் ராமாயணத்து வாலி எதிரியின் பாதி பலத்தைப் பிடுங்கிக்கொள்வான்; இந்த வாலி தன் வேலையில் பாதியை டிரான்சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறது. சிக்னலைப் பெருக்குவது வால்வு, ஹெட்போனைத் தள்ளுவது டிரான்சிஸ்டர். அதில் தவறில்லை, என் வீட்டு மேசையில் இருப்பதும் ஹைபிரிட்தான். ஆனால் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில பெட்டிகளில் சின்ன 6ஜே1 வால்வுக்கு இருபது முப்பது வோல்ட் மட்டும் கொடுத்து, அடியில் ஓர் ஆரஞ்சு எல்இடியைப் பொருத்திவிடுகிறார்கள். நீங்கள் ரசிக்கும் அந்தக் கதகதப்பான வெளிச்சம் எல்இடியுடையது.

ஓடிஎல் பற்றிக் கொஞ்சம் கணக்கோடு சொல்ல வேண்டும். இந்த வகையில் வெளியீட்டு இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப்பின் உள்தடை, நூறு ஓமைத் தாண்டுவது சாதாரணம். 120 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 600 பெயருக்கு 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அருகே அதன் இம்பிடன்ஸ் 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. ஆம்ப்பின் வோல்டேஜில் 300 ஓம் இருக்கும் இடத்தில் 71 சதவீதமும் 500 ஓம் இருக்கும் இடத்தில் 81 சதவீதமும் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். அதாவது பேஸ் பகுதி ஒரு டெசிபல் தூக்கலாக ஒலிக்கும். 'வால்வின் இதம்' என்று பலர் உருகுவதில் ஒரு பங்கு இந்த எளிய வகுத்தல் கணக்குதான். ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலும் இதே தூக்கல் வரும். செய்து காட்டியிருக்கிறேன், நம்பாதவர்கள் முகம் சுளித்தார்கள்.

அதே ஆம்ப்பில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் வோல்டேஜில் 21 சதவீதம்தான் வந்து சேரும், மீதி வால்வுக்குள்ளேயே வீணாகும். ஒலியைக் கூட்டக் கூட்ட வால்வு கரண்ட் கொடுக்க முடியாமல் திணறும், பேஸ் கொழகொழத்துப்போகும். எந்தத் தேசத்து வால்வைப் போட்டாலும் இது தீராது.

அப்படியென்றால் வால்வை மாற்றினால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. எங்கே மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிராக் போன்ற ஆம்ப்பில் 12ஏயூ7 சிக்னலைப் பெருக்குகிறது. சிதைவும் இரைச்சலும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. பின்னால் நிற்கும் 6080 வோல்டேஜைப் பெருக்குவதில்லை, கரண்ட் கொடுக்கும் கூலியாள். அதில் ஒரு 6080க்குப் பதில் இன்னொரு 6080 போட்டு ஆகாயத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் கேட்டதாக யாராவது சொன்னால் நான் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ஆனால் அதே இடத்தில் 5998 போட்டால் கதை வேறு. 6080இன் பெருக்கக் காரணி 2, 5998க்கு 5.5. வெளியீட்டு இம்பிடன்ஸ் கணிசமாக இறங்கும், மேலே சொன்ன பேஸ் தூக்கலும் அதோடு இறங்கும். அளந்து பார்க்கக்கூடிய வித்தியாசம் இது.

12ஏயூ7க்குப் பதில் 12ஏஎக்ஸ்7 போடுபவர்கள் உண்டு. கால்களும் ஹீட்டரும் ஒன்றே, எதுவும் கருகாது. ஆனால் முன்னதன் பெருக்கக் காரணி 17, பின்னதற்கு 100. சர்க்யூட் எந்தப் புள்ளியில் நிற்கும்படி கணக்கிடப்பட்டதோ அதைவிட்டு வால்வு நகர்ந்துவிடும். கேட்பவருக்குத் தெரிவதோ ஒலி கூடியது மட்டும்தான். உடனே 'உயிரோட்டம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது; 'பெல்' முத்திரையோடு பழைய கடைகளில் இன்னும் கிடைக்கும். அப்படி வாங்கிய ஒன்றையும், நெடுநாள் ஓடிய ஓர் ஐரோப்பிய வால்வையும் மாற்றி மாற்றிக் கேட்டு, பெல்தான் தெளிவு என்று இரண்டு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மீட்டரை வைத்தேன். ஐரோப்பியது தேய்ந்திருந்ததால் ஒலி முக்கால் டெசிபல் குறைவு. அளவைச் சமன் செய்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் மனைவியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது, பத்தில் ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். 300 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் இணைப்பில் இருக்கும்போதே வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். மலிவு மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தடுமாறக்கூடும் என்பதால்தான் 300. இரண்டு வால்வுக்கும் அளவு ஒரு சதவீதத்துக்குள் வரும்படி வால்யூமைத் திருப்புங்கள். அதன் பிறகு கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இன்னொரு ரகசியம். வால்வைப் பிடுங்கிச் செருகும்போதே சாக்கெட்டில் படிந்த களிம்பு உரசிப் போகிறது. கரகரப்பு நின்றுவிடும், பெயர் புது வால்வுக்குப் போய்ச் சேரும். பழைய வால்வையே இரண்டு முறை பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கலாம். உண்மையிலேயே மாற்ற வேண்டிய வால்வு சொல்லாமல் சொல்லும். தலைப்பகுதியில் வெள்ளி போல் மின்னும் கெட்டர் பூச்சு (மிச்ச வாயுவை உறிஞ்சுவது) பால் வெண்மையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். பென்சிலால் லேசாகத் தட்டினால் காதில் மணியோசை நீண்டு ஒலிக்கிறதா? ஹெட்போனில் அது பெரும் தொல்லை. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி படர்ந்தால் பயம் வேண்டாம்; தகடுகளுக்கு நடுவே ஊதா மூட்டம் தெரிந்தால் வாயு இருக்கிறது.

பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். இன்று புதிதாக வரும் முல்லார்ட், டங்-சோல் வால்வுகள் ரஷ்யாவின் சராடோவ் நகரில் தயாரானவை. அமெரிக்க நிறுவனமான நியூ சென்சார் அந்தப் பெயர்களின் உரிமையை வைத்திருக்கிறது. வால்வு மோசமில்லை, ஆனால் 1950களின் இங்கிலாந்து வால்வுக்குரிய விலையை அதற்குக் கொடுப்பது அசட்டுத்தனம். பழைய ஜெர்மன் டெலிஃபங்கன் வால்வில் கண்ணாடி அடியில், கால்களுக்கு நடுவே வைர வடிவம் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். மேலே உள்ள எழுத்தை யாரும் அழித்து எழுதிவிடலாம்.

மாற்றுவதற்கு முன் டேட்டா ஷீட்டில் ஹீட்டர் கரண்டையும் கால் எண்களையும் பாருங்கள். 12ஏயூ7, 6டிஜே8 இரண்டுக்கும் ஒன்பது கால்தான். ஆனால் 12.6 வோல்ட் ஹீட்டருக்கென 4, 5ஆம் கால்களில் இணைத்த 12ஏயூ7 சாக்கெட்டில் 6டிஜே8ஐச் செருகினால் அதன் ஹீட்டருக்கு இரு மடங்கு வோல்டேஜ் பாயும்.

ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் வால்வைத் தொட வேண்டும். மூடியைத் திறக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரில் சுழி காட்டும் வரை கை வைக்காதீர்கள். ஓடிஎல்லில் உங்கள் காதுக்கும் நூறு வோல்ட் அளவிலான டிசிக்கும் நடுவே ஒரே ஒரு மின்தேக்கிதான் காவல். ஸ்விட்சைப் போடும்போது அது சார்ஜ் ஆகும் உதை ஹெட்போனுக்குள் போகும். ஆகவே புது வால்வைப் போட்டதும் ஹெட்போனைச் செருகாமல் ஆம்ப்பை ஓடவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஜாக்கில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் அந்த ஜாக்கில் எதையும் செருக வேண்டாம்.