சாட்சி சொன்ன மனிதர் இப்போது எங்கே?

குடியை விட்டு, மறுபடி சறுக்கி, வெட்கத்தில் ஒதுங்கிப்போய், உடம்பு கெட்ட பிறகு என்னிடம் வருகிறவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது. பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

மஞ்சள் பூத்த கண்கள், வீங்கிய வயிறு. நாற்காலியின் நுனியில், எந்நேரமும் எழுந்து போய்விடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதங்களுக்கு முன் என்னிடம் சிகிச்சையில் இருந்து குடியை நிறுத்தியவர். கை நடுக்கம் நின்று, கையெழுத்துகூட நேராகியிருந்தது. "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டேன்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது டாக்டர்?"

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நடந்தது இதுதான். குடியை விட்ட ஆறாவது வாரம் அவருடைய சபையில் அவரை மேடையேற்றி, கடவுள் தன்னைக் குடியிலிருந்து விடுவித்தார் என்று சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒரே ஸ்தோத்திரம், அல்லேலூயா. வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியும் ஆயிற்று. ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை குடித்துவிட்டார். விடிந்தால் ஞாயிறு. அந்த மேடைக்கு எதிரே போய் உட்கார அவருக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. "பின்வாங்கிப் போயிட்டான்" என்று பேச்சு கிளம்பியது. பாடகர் குழுவிலிருந்து பெயரை எடுத்தார்கள். எல்லோர் முன்னிலும் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். வீட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. பாஸ்டரிடம் சொல்லிவிடுவேனோ என்று பயந்து என்னிடமும் வருவதை நிறுத்திவிட்டார். (சொல்ல மாட்டேன். நோயாளி சொன்னதை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் பெரிய தவறு.)

நானும் ஞாயிறுதோறும் சபையில் உட்காருகிறவன்தான். அந்த உரிமையில் கொஞ்சம் திட்டுகிறேன்.

"உண்மையா மனந்திரும்பியிருந்தா திரும்பக் குடிச்சிருப்பானா?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. முழங்காலில் நின்று அழுது ஜெபித்தவர்கள்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: விடுதலை என்றால் ஒரே நாளில், ஒரே முறை. அதற்குப் பிறகு சறுக்கினால் முதலில் நடந்ததே பொய். இந்தக் கணக்கு தப்பு. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுகிறவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கும் நோய் திரும்பத் தலைகாட்டும் விகிதம் கிட்டத்தட்ட இதேதான். மூத்த விசுவாசி ஒருவருக்கு பிரஷர் மறுபடி ஏறினால், "அண்ணே, உங்க இரட்சிப்பே சந்தேகமா இருக்கு" என்று சொல்கிறோமா? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்கிறோம், உப்பைக் குறைக்கச் சொல்கிறோம், அவருக்காக ஜெபமும் செய்கிறோம். குடிக்கிறவனுக்கு மட்டும் ஏன் தீர்ப்பு?

ஒன்பது வாரம் குடிக்காமல் இருந்தாரே, அது நிஜம். அந்த அறுபத்துச் சொச்ச நாளும் அவர் மனைவி பயமில்லாமல் தூங்கினாரே, அதுவும் நிஜம். ஒரு சனிக்கிழமை வந்து அதை அழித்துவிடாது. அதை அழிப்பது அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாம் காட்டும் முகம்.

வேதத்தில் மாற்கு என்ற யோவான் இருக்கிறானே, அவன் முதல் ஊழியப் பயணத்தில் பாதியிலேயே பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டவன். அடுத்த முறை அவனைச் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்றார் பவுல். பர்னபா விடவில்லை. இரண்டு பெரிய ஊழியர்களுக்குள் கடுங்கோபம் மூண்டு, பிரிந்தே போனார்கள். பர்னபா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். கடைசிக் காலத்தில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் பவுல்கள் ஏராளம். எனக்கு வேண்டியது பர்னபாக்கள்.

அந்த மாதிரி நல்ல முடிவு எப்போதும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் கவிஞர் வில்லியம் கூப்பர், கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணத்தில் மூழ்கி உயிரை விடத் துணிந்தவர். 1773இல் நோய் மறுபடி முற்றியபோது, போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் முழுதாகக் குணமாகவே இல்லை. நியூட்டன் நட்பையும் விடவில்லை. குணமானால்தான் கூட இருப்பேன் என்பது வியாபாரம்.

சரி, இனி கையோடு செய்ய வேண்டியவை.

தினமும் நிறையக் குடிப்பவரை ஓர் அறையில் அடைத்து, உபவாச ஜெபம் என்று திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஜன்னி கண்டு, இல்லாத ஆட்களோடு பேசலாம், பூச்சி ஊர்கிறது என்று உடம்பைத் தட்டிக்கொள்ளலாம். அது பிசாசு புறப்படுகிற அடையாளம் இல்லை. ஆளே போய்விடக்கூடிய அவசர நிலை. ஆஸ்பத்திரியில் வைத்து ஜெபியுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஜெபித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

குடியை நிறுத்தும் மாத்திரையைத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் அம்மாக்களே, மனைவிமார்களே, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை (டைசல்ஃபிராம்) உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டும்தான்.

கைவிடாமல் இருப்பதென்றால் அடி வாங்கிக்கொண்டு இருப்பது என்று யாரும் அர்த்தம் பண்ண வேண்டாம். அடித்தால் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அவர் கடனை அடைக்காதீர்கள், அவருக்காகப் பொய் சொல்லி லீவு கேட்காதீர்கள். தள்ளி இருந்துகொண்டே ஒருவரைக் கைவிடாமல் இருக்க முடியும்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஒரு வருஷமாவது போகட்டும், மேடையேற்றுவதற்கு.

அந்த மனிதரை என்னிடம் கூட்டிவந்தது சபையில் மைக் செட் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி. ஐந்து மாதமும் வாரம் ஒருமுறை போன் செய்திருக்கிறான். ஜெபம்கூடச் செய்யவில்லையாம், அதற்காக என்னிடம் வருத்தப்பட்டான். "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவானாம். பாதி நாள் அவர் எடுத்ததே இல்லை.

வார்டில் சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்: "டாக்டர், இவரு மறுபடியும் குடிச்சுட்டா என்ன பண்றது?"

"அன்னைக்கே கூட்டிட்டு வா," என்றேன்.